வெளியேறிய நேரம்: 3.45

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அதுவே என் ரொட்டிக்கடைக்குள் வந்தது. சிப்பி பஃப்* ஒன்றும் காப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தது. பஃப்பைத் தொடாமல் அழுதது.

கதைக்கு வயது அறுபத்து நான்கு. பெயர் லோர்னா பைபஸ். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண்மணி. ஒரு ஹாரனில் நாற்பது பிள்ளைகளை வாயடைக்க வைப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"டேமி, நீ எழுதுவல்ல? உங்க பாஷையில?" என்று கேட்டாள். (என் பெயர் தமயந்தி. முழுப் பெயரைச் சொல்லுமளவுக்கு இந்தத் தீவில் யாருக்கும் பொறுமை இல்லை.)

"எழுதுவேன்."

"அத இங்க யாராச்சும் படிப்பாங்களா?"

"ஹோபார்ட் டவுன்ல ஒரு தமிழ் டாக்டர் இருக்காரு. அவரும் பாதியில நிறுத்திடுவாரு."

"அப்ப சரி. கடைக்கதவச் சாத்து."

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியுமா? இதைவிடப் பெரிய அழைப்பும் கிடையாது. சாத்தினேன்.

(பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். லோர்னா கேட்டுக்கொண்டது அது. இறந்தவனின் பெயரை மட்டும் மாற்றவில்லை. [இறந்தவன் என்று எழுதிவிட்டேன். காணாமல் போனவன் என்று திருத்திப் படிக்கவும். கை முந்திக்கொண்டது.])

* மஞ்சள்தூளும் மாவும் கரைத்த கஞ்சியில் சிப்பியைப் போட்டு, அதைக் 'கறி' என்று சொல்கிறார்கள். பதினெட்டு வருடமாக நானே செய்து விற்கிறேன். இது கறி இல்லை என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. என் சுபாவம் அப்படி. கதைக்கு இது தேவைப்படலாம்.

2

எப்படித் தொடங்குவது?

"கரண்டிக் கடற்கரைக்கு நடந்து போனால் ஒண்ணேகால் மணி நேரம். வெள்ளை மணல், ஆரஞ்சு நிறம் பூத்த பாறைகள், ஆள் அரவமே இல்லாத—"

சுற்றுலாத் துறைக்காரன் எழுதியது மாதிரி இருக்கிறது. விட்டேன்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தது."

இது போதும். எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

காலியாக இருந்ததைப் பார்த்ததும் லோர்னாவுக்கு நிம்மதியாக இருந்தது. மே மாதம், மழை வேறு பிடித்துக்கொண்டது. முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. வீட்டு அடுப்பில் ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. கடற்கரையைச் சுற்றியுள்ள வனக் காப்பகத்தின் தன்னார்வக் குழுவில் ஞாயிறு மாலை அவளுடைய முறை. கடற்கரைப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பதிவேடு. உள்ளே போகிறவர்கள் பெயர், எத்தனை பேர், வண்டி எண், உள்ளே போன நேரம் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் கடைசிக் கட்டத்தில் வெளியேறிய நேரம். ஐந்து மணிக்கு யாருடைய கடைசிக் கட்டமாவது காலியாக இருந்தால், பார்த்தவர் உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். படகும் நாயும் ஹெலிகாப்டரும் கிளம்பும்.

லோர்னா அப்படி மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் ஆள் கிடைத்தான், மதுக்கடையில், கையில் பீரோடு. கையெழுத்துப் போட மறந்திருந்தான், அவ்வளவுதான். மூன்றாம் முறை மீட்புப் படகுக்காரன் கத்தினான்: "ஏம்மா, கார் நிக்குதான்னு மொதல்ல பாக்க மாட்டியா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அன்றிலிருந்து அவளும் மற்றவர்கள் செய்வதையே செய்யத் தொடங்கினாள். வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தால், காலிக் கட்டத்தில் பொருத்தமான ஒரு நேரத்தைத் தாங்களே எழுதிவிடுவார்கள். குழுவுக்குள் அதற்கு ஒரு பெயர்கூட உண்டு: வீட்டுக்கு அனுப்பிவைப்பது. "நேத்து மூணு பேர வீட்டுக்கு அனுப்பிவெச்சேன்பா" என்று தேநீர் குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று ஐந்து பெயர்கள். நான்கு பேர் வெளியேறியிருந்தார்கள். ஐந்தாவது: ராய்ஸ் டாஸ்கர், 1 ஆள், உள்ளே 10.20. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய கோடு.

அவள் அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை.

[பொய். முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், அவள் மேல் உள்ள பாசத்தில். அவள் கவனித்தாள். வண்டியில் வராதவனுக்கு வண்டி நிறுத்துமிடம் காலியாக இருப்பது ஒரு கணக்கே இல்லை என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. யாராவது ஏற்றிப் போயிருப்பார்கள் என்று அடுத்த நொடி தோன்றியது.]

மழைத்துளி தாளில் விழாமல் முதுகால் மறைத்துக்கொண்டு, 3.45 என்று எழுதினாள்.

"ஏன் மூணே முக்கால்?" என்று கடையில் கேட்டேன்.

"நாலுன்னு போட்டா பொய் மாதிரி இருக்கும்ல, கண்ணு."

3

ராய்ஸ் தனியாக வாழ்ந்தவன். தச்சன். அவனைக் காணோம் என்று தெரியவே வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் அவன் அக்கா நெரிடா. ஞாயிறு காலை அவனைக் காப்பக வாசலில் இறக்கிவிட்டவளும் அவள்தான். வழியெல்லாம் சண்டை. அம்மா விட்டுப்போன கடற்கரைக் குடிலை விற்க வேண்டும் என்று அவள், பச்சை வண்ணம் அடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன். கதவை அறைந்து சாத்திவிட்டு, "கூட்டிட்டுப் போக வராத. எனக்கு வீட்டுக்குப் போகத் தெரியும்" என்று இறங்கிப் போனான்.

காவலர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். வெளியேறிய நேரம் 3.45. ஆகவே காப்பகத்துக்குள் யாரும் தேடவில்லை. சாலையில் தேடினார்கள், பேருந்துகளில் விசாரித்தார்கள், படகுத்துறையில் படத்தைக் காட்டினார்கள். கடற்கரைப் பக்கம் ஆள் அனுப்பியபோது பத்து நாள் கழிந்து இரண்டு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

லோர்னா ஏன் அந்த வியாழக்கிழமையே போய்ச் சொல்லவில்லை? வாசகர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். தட்டில் இருந்த பஃப்பைக் கத்தியால் குத்திக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொல்லத்தான் போனேன் டேமி. நெரிடா வீட்டு வாசல்ல நின்னேன். அவ ஓடி வந்து என்னக் கட்டிப்புடிச்சா. 'அவன் வெளிய வந்துட்டான் லோர்னா, புத்தகத்துல இருக்கு, மூணே முக்காலுக்கு வந்துட்டான். என் மேல இருக்குற கோவத்துல எங்கயோ போய் ஒக்காந்திருக்கான் கழுத, வருவான்'னு சொன்னா. நான் என்ன சொல்ல? அந்த மூணே முக்கால்லதான் அவ உயிரு ஓடிட்டிருக்கு."

நெரிடா குடிலை விற்கவில்லை. அந்தக் கோடையில் அவளே ஏணி போட்டு ஏறி, அதற்குப் பச்சை வண்ணம் அடித்தாள்.

4

இது வரைக்கும் சாதாரணக் கதை. ஒரு தவறு, ஒரு மௌனம். எந்த ஊரிலும் நடக்கும். இனி எழுதப் போவதை லோர்னா சொன்னபோது என் முதுகு சில்லிட்டது. எழுதும்போதும் சில்லிடுகிறது. அதனால் பகலில் மட்டும் எழுதுகிறேன், கடையில், அடுப்புக்குப் பக்கத்தில்.

ஒரு வருடம் நான்கு மாதம் கழித்து, செப்டம்பரின் முதல் ஞாயிறு. லோர்னா பெட்டியைத் திறந்தாள்.

ராய்ஸ் டாஸ்கர், 1 ஆள், வண்டி எண் —, உள்ளே 10.20.

அதே கையெழுத்து. ஆங்கில T-யின் தலைக்கோட்டை நீட்டி இழுத்துவிடும் அதே தச்சன் கோடு. கடைசிக் கட்டம் காலி. எவனோ விஷமக்காரன் என்று தாளைக் கிழித்தாள். அடுத்த ஞாயிறும் அந்தப் பெயர் இருந்தது. அடித்தாள். அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. அன்றுதான் துடைப்பானைப் பார்த்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் காலணி தேய்க்கும் துடைப்பானும் உண்டு. வெளிமண்ணில் மரங்களின் வேரை அழுக வைக்கும் நோய் இருப்பதால், உள்ளே போகிறவர்கள் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஊரில் செருப்போடு சாமி அறைக்குள் போனால்கூட மன்னிப்பார்கள், காலணி கழுவாமல் காப்பகத்துக்குள் போனால் மாட்டார்கள். அன்று பகல் முழுக்க வெயில். வேறு பெயர் எதுவும் பதிவாகவில்லை. துடைப்பான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அலுவலகத்தைக் கூப்பிட அவளுக்குத் தைரியம் இல்லை. கூப்பிட்டால் பழைய புத்தகத்தை எடுப்பார்கள், கையெழுத்தை ஒப்பிடுவார்கள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு அவளே உள்ளே நடந்தாள்.

மேட்டைக் கடந்து இறங்கினால் டீ-ட்ரீ புதர்கள் திறந்துகொள்ளும், கரண்டியின் குழி மாதிரி கடற்கரை கிடக்கும். காற்றே இல்லை. அலை கரையில் வந்து சத்தமில்லாமல் படுத்தது. கரையோரம் முப்பது நாற்பது கறுப்புக் கடற்பறவைகள், சிவந்த நீண்ட அலகோடு. யார் வந்தாலும் ஊரைக் கூட்டுகிற ஜாதி. அவளைக் கண்டு ஒன்றுகூடக் கத்தவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஒன்றுமில்லாத மணலைப் பார்த்து.

பிறகு விலகத் தொடங்கின. பறக்கவில்லை. நாலைந்து எட்டு இந்தப் பக்கம், நாலைந்து எட்டு அந்தப் பக்கம் ஒதுங்கி நடுவில் வழி விட்டன. அந்த வழி மெல்ல நகர்ந்தது, ஓர் ஆள் அவசரமில்லாமல் நடக்கிற வேகத்தில். கடந்து போனதும் பறவைகள் மறுபடி சேர்ந்துகொண்டன.

அந்த மணல் மிதித்தால் கீச்சிடும். லோர்னா அசையாமல் நின்றாள். ஆனாலும் கேட்டது. கீச். கீச். கீச்.

"ராய்ஸ்?" என்றாள்.

சத்தம் நின்றது.

அவள் திரும்பிப் பார்க்காமல் மேடேறி, மூச்சிரைக்கப் பெட்டியிடம் வந்து, 3.45 என்று எழுதினாள். எழுதியதும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஞாயிற்றுக்கு ஞாயிறு அவன் உள்ளே போனான். ஞாயிற்றுக்கு ஞாயிறு அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். என்னிடம் வந்து சொன்ன அன்று பதினான்காவது வாரம்.

"இத ஏன் எங்கிட்ட சொல்ற? நெரிடாகிட்ட சொல்லு" என்றேன்.

"அவகிட்ட சொன்னா அவ தம்பி செத்துருவான் டேமி. நான் ஒரு தடவ கொன்னது போதாதா? நீ எழுது. எங்கயாச்சும் ஒரு எடத்துல உண்மையா இருக்கட்டும். ஆனா இங்க எவனுக்கும் புரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். எனக்குக் கதை கிடைத்த சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

இப்போது முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: லோர்னா நெரிடாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். நெரிடா லோர்னாவின் கையைப் பிடித்து— (மன்னிக்கிறாளாம். எழுதுகிறவளுக்கு என்ன, காசா பணமா, மன்னிப்பை வாரி வழங்கலாம். விட்டேன்.)

முடிவு ஆ: பதிவேட்டில் எழுதுவது நெரிடாதான். அவளுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம். லோர்னாவை வாட்டி எடுத்து உண்மையைக் கக்க வைக்க— (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெரிடா அன்றிலிருந்து அந்தக் காப்பகச் சாலைப் பக்கமே வண்டியைத் திருப்பியதில்லை. பெட்ரோல் போட இருபது கிலோமீட்டர் சுற்றிப் போகிறாள். ஊருக்கே தெரியும். பறவைகளை அவள் எப்படி ஒதுக்குவாள்?)

முடிவு இ: எழுதுவது லோர்னாவே. குற்ற உணர்வு, தூக்கத்தில் நடப்பது, இத்யாதி. இதற்காக நான் ஒரு கீழ்த்தரமான காரியம் செய்தேன். ரசீதின் பின்புறம் அவளை "ராய்ஸ் டாஸ்கர்" என்று எழுதச் சொன்னேன். அவள் கைபேசியில் பிடித்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். ஒட்டவேயில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் இரண்டு பஃப் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தேன்.

மூன்றையும் ஒதுக்கிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, நானே எழுதாத ஒன்று நடந்தது.

6

ஜனவரி, வியாழன் காலை. நெரிடா வழக்கம்போல ரொட்டி வாங்க வந்தாள். நான் உள்ளே அடுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால், கல்லாப் பக்கம் கிடந்த என் வரைவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இதான் உன் எழுத்தா? எறும்பு மையில விழுந்து எந்திரிச்சுப் போன மாதிரில்ல இருக்கு!"

"ஆமா, குடு."

"எதப் பத்தி?"

"ஒரு கடற்கரையப் பத்தி."

"எந்தக் கடற்கரை?"

ரொட்டியை வெட்டவா என்று கேட்டேன். அவள் தினமும் வெட்டாமல்தான் வாங்குவாள்.

"கரண்டியா?" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "இதுல ராய்ஸ் இருக்கானா?"

"இருக்கான்."

"எங்க? காட்டு."

காட்டினேன். மாவு படிந்த என் விரலை விலக்கிவிட்டு அவள் தன் விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தின் மேலும் மெதுவாக, வழுக்கிவிடாமல், சுழித்த இடத்தில் சுழித்து, வளைந்த இடத்தில் வளைந்து போனாள். கடைசிப் புள்ளியில் நின்றாள்.

"இதுல அவன் உயிரோட இருக்கானா?"

விரலில் இருந்த மாவைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் முடிக்கல" என்றேன்.

"முடிச்சதும் சொல்லு. வெளிய வந்தவன் எந்தப் பக்கம் போனான்னு யாருக்காச்சும் தெரியட்டும். போலீசுக்குத் தெரியல, எனக்குத் தெரியல. உனக்காச்சும் தெரியட்டும்." ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அவன் பேர ஒரு தாள்ல எழுதிக் குடு. குடில்ல ஒட்டி வைக்கறேன். வந்து பாத்தா சிரிப்பான்."

ரொட்டி உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. கறி இல்லாத கறியை விற்கிற வாய், அன்றும் மூடியே இருந்தது.

7

அந்த ஞாயிறு மாலை ஐந்தரைக்கு லோர்னாவின் வண்டி என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. இறங்கி ஓடி வந்தாள், முழங்காலை மறந்துவிட்டு.

"வரல டேமி! இந்த வாரம் அவன் வரல! பேரு இல்ல!" என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. கன்னமெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். "போயிட்டான். ஒரு வழியாப் போயிட்டான்."

"நெசமாவா?"

"எறும்பு மாதிரி உன் எழுத்துதான் இருந்துச்சு, வேற ஒருத்தரும் இல்ல. திருடி! கதைக்காகப் போய்ப் பாத்தியா? அதுவும் அதே பத்து இருபதுக்கு! பாத்ததும் நெஞ்சு ஒரு தடவ நின்னுருச்சு. அப்பறம்தான் உன் கிறுக்கல்னு தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லிட்டுப் போகக் கூடாதா? இத்தன வருஷம் இங்க இருந்தும், வெளிய வந்து நேரம் போட மறந்துட்ட பாரு." அவள் சிரித்தாள். "பரவால்ல. உன்ன நான் வீட்டுக்கு அனுப்பிவெச்சுட்டேன்."

"என்ன நேரம் போட்ட?"

"வேற என்ன? கை பழகிப் போச்சு."

நான் அன்று வீட்டை விட்டே நகரவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சிரிக்கிறவளை இன்னும் ஒரு மணி நேரம் சிரிக்க விடலாம் என்று தோன்றியது.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆறே முக்கால், நல்ல வெளிச்சம். வண்டி நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. தொட்டியருகே துடைப்பானில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன்.

ராய்ஸ் டாஸ்கர், 1, —, 10.20.

தமிழில்.

நெரிடாதான் மனது மாறி வந்து உறையைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள மிகவும் முயன்றேன். ஆனால் தெரியாத எழுத்தைப் பார்த்து எழுதினால் அது வரைந்த மாதிரி இருக்கும், கோடு கோடாக நடுங்கும். இது ஓட்டமாக எழுதியது. பேனாவைத் தூக்காமல், வாழ்நாளெல்லாம் தமிழ் எழுதிய ஆள் அவசரத்தில் எழுதியது போல. டாவின் படுக்கைக்கோடு மட்டும், அந்த ஆங்கில T-யின் தலை போலவே, நீண்டு இழுபட்டிருந்தது.

இந்த ஊரில் படிக்கத் தெரிந்த எல்லோரிடமும் பதினெட்டு வாரம், இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தான் போலிருக்கிறது. இப்போது என்னிடம் சொல்கிறான்.

கடைசிக் கட்டத்தில் லோர்னாவின் குண்டுக் கையெழுத்தில் 3.45.

[இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதியிருந்தேன். பாதை வழியே இருட்டுமுன் உள்ளே போகிறேன், பறவைகள் விலகுகின்றன, நான் ஏதோ சொல்கிறேன், ஒரு பெருமூச்சு, சாந்தி. நல்ல தமிழ். படித்துப் பார்த்தபோது புரிந்தது: நானும் அவனை வீட்டுக்கு அனுப்பிவைக்கப் பார்க்கிறேன். காலிக் கட்டத்தைக் கண்டால் எழுதுகிறவர்களுக்கும் கை சும்மா இருக்காது. ஐந்து பத்திகளையும் அடித்துவிட்டேன்.]

பேனாவை எடுத்து 3.45ஐ அடித்தேன். எண் தெரியாதபடி அடித்தேன். மேட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு பறவை கத்தியது. பிறகு எல்லாமே கத்தின.

மலை வளைவில் கைபேசிக்கு உயிர் வந்ததும் லோர்னாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் பக்கம் பாத்திரம் கழுவும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்குக் காலையில நெரிடா ரொட்டி வாங்க ஏழு மணிக்கு வருவால்ல?" என்றாள் கடைசியில்.

"வருவா."

"நான் ஆறே முக்காலுக்கு வரேன். எனக்கு வாய் வருமான்னு தெரியல டேமி. வரலன்னா நீ சொல்லுவியா?"

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். நீங்கள் பார்க்கும் இந்தப் பிரதியில் அது இல்லை. எழுதினால் கட்டம் நிரம்பிவிடும்.

ஆகவே இப்போதைக்கு நிலவரம் இதுதான். ஓர் ஆள் உள்ளே போயிருக்கிறான், வெளியேறிய நேரம் காலியாக இருக்கிறது. காலியாக இருப்பதைப் பார்த்தவர் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. எந்த மொழியில் பார்த்தாலும் விதி விதிதான்.

நான் பார்த்துவிட்டேன். நீங்களும் இப்போது பார்த்துவிட்டீர்கள்.